முப்பத்தேழு அடி

டெலிவரி சலானின் பின்பக்கத்தில்
ஜெயசீலி கணக்குப் போடுகிறாள்.
நூறு கிலோமீட்டருக்கு டீசல் ஐநூற்றுச் சொச்சம்,
கரண்ட் நூற்று எழுபத்தாறு.
நமக்கு ஓட்டம் நாளைக்கு அறுபது,
ஞாயிறு போக இருபத்தாறு நாள்.
மிச்சம் ஐயாயிரத்து இருநூறு என்று எழுதி
அதற்குக் கீழே
தவணை பதினெட்டாயிரம் என்று எழுதி
பேனாவை மூடினாள்.
பேச்சை மூடவில்லை.

எங்களுடையது வாடகைக் கட்டில் தொழில்.
வைத்தியத்துக்கு வேலூர் வந்து
மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு
கட்டில், அடுப்பு, குக்கர்,
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
திருப்பி எடுக்கப் போகும் நாளில்
குணமாகிப் போகிறார்களா என்று
நாங்கள் கேட்பதில்லை.
கட்டிலைப் பிரிக்கையில்
அவர்களே சொன்னால் உண்டு.

ஷோரூம் பையன் யுகேந்திரன்
ஒருநாள் ஓட்டிப் பாருங்கள் என்று
வெள்ளை வண்டியைக் கொடுத்தான்.
நாலு கட்டில் ஏற்றி
காட்பாடி மேம்பாலத்தில் மிதித்தேன்.
ஏறியது.
மேலே போன பிறகுதான்
கை தன்னால் கியரைத் தேடியது தெரிந்தது.
பதினாலு வருஷப் பழக்கம்,
காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பியது.

ராத்திரி பத்தரைக்கு
காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து.
பழைய வண்டி நுழைந்தால்
கண்ணாடிகள் நடுங்கும், யாரோ இருமுவார்கள்,
மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு எரியும்.
அன்றைக்கு ஒரு ஜன்னலும் எரியவில்லை.
தூங்குகிறவர்கள் தூங்கினார்கள்.
மனசுக்குள் வண்டியை வாங்கிவிட்டேன்,
அட்வான்ஸ்கூடக் கொடுத்தாயிற்று.

பின்னால் எடுக்கும்போது
ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு வந்த ஒரு அம்மா
வண்டி மேல் மோதாமல் தப்பி
வங்காளத்தில் திட்டினார்.
வார்த்தை புரியவில்லை.
வந்ததே தெரியலையே என்றுதான்
சொல்லியிருப்பார்.
கொடுத்த அட்வான்ஸை
மனசுக்குள்ளேயே திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பேட்டரிக்கு எட்டு வருஷம் கேரண்டி என்றான்.
மே மாத வேலூருக்குமா என்றேன்.
சிரித்தான்.
ஏஜென்சிக்காரன் சிரிப்பில்
ஆமாம் எது, இல்லை எது?

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம்.
சலவன்பேட்டையில் நாங்கள் இருப்பது வாடகை வீடு.
யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று
சப் மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர்
வீட்டுக்காரர் தனகோட்டி.
கிரைண்டர் ஐந்து நிமிஷம் கூட ஓடினால்
மாடிப்படியில் இருமுவார்.
"ராத்திரி பூரா இழுத்தா
ஒயர் இன்னாத்துக்கு ஆவும் நைனா"
என்று அவர் சொல்லவில்லை.
நான்தான் அவர் குரலில்
எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
வண்டிக்குக் கடன் தர நாலு பேங்க் உண்டு.
ஒரு பிளக் குத்தச் சுவர்
எந்த பேங்க் தரும்?

நேற்று ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு
கட்டில் கட்டும் நைலான் கயிற்றை எடுத்து
மீட்டர் பெட்டியிலிருந்து
வண்டி நிற்கும் இடம் வரை அளந்தேன்.
முழம் முழமாக
முப்பத்தேழு அடி.
சரியாக அப்போது
தெருமுனை டிரான்ஸ்பார்மர் டப்பென்றது.
தெரு முழுக்க இருட்டு.
புழுக்கம் தாங்காமல்
விசிறியோடு வெளியே வந்தார் தனகோட்டி.

"இன்னாப்பா அளக்கிற?"

கயிற்றின் ஒரு முனை அவர் சுவரில்,
மறுமுனை என் கையில்.
கேட்டுவிடலாம். கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை,
முகம் தெரியாத இருட்டு.
"கொடி கட்டலாம்னு" என்றேன்.
"துணிக்குத்தானே, கட்டிக்கோ."

காலையில் ஜெயசீலி ஒன்றும் கேட்காமல்
அந்தக் கயிற்றில்
துவைத்த மெத்தை உறைகளைக் காயப்போட்டாள்.
பதினோரு உறை.
இன்னும் இடம் இருந்தது.

ஒன்பது மணிக்கு யுகேந்திரன் போன்.
என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?

அளந்தாச்சு என்றேன்.